அமிகா 1200: பழைய ஹார்ட் டிஸ்க் போய் கேமரா கார்டு வந்த கதை

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவில் போடுகிற ஒரு சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) கார்டைச் செருகுவது சின்ன வேலைதான். அடாப்டர் கையில் இருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் மெஷின் பூட் ஆகி, அமிகாவின் டெஸ்க்டாப்பான வொர்க்பெஞ்ச் திரை வந்து, மௌஸும் நகர்ந்தால் "முடிஞ்சுது" என்று மூடியை மாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பூட் ஆவது வேறு, எழுதியதை எழுதியபடியே திருப்பித் தருவது வேறு. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்காத வரைக்கும் அந்தக் கார்டில் முக்கியமான எதையும் நம்பி வைக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், கீழே இருப்பதெல்லாம் விவரம்.

மெஷின் கொமடோர் அமிகா 1200. 1992-இல் வந்தது, 14 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68020 வகை சிப், 2 எம்பி ராம், கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. செய்த கம்பெனி 1994 ஏப்ரலில் திவாலாகிவிட்டது. இந்தியாவில் இது அதிகம் புழங்கியதில்லை, ஆனால் புதுச்சேரியில் ஒன்று கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீட்டுப் பரணில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று குருசுக்குப்பம் திரும்பியபோது காபி மெஷின், தையல் மெஷினோடு இதுவும் வந்தது. அக்கா படம் வரைவாள், பெரியப்பா கணக்கு எழுதுவார், கடிதம் அடிப்பார். அக்கா படிக்க மறுபடி பாரிஸ் போனதும் பெட்டி பரணேறியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி ஊரையே புரட்டிப் போட்டபோதும் அந்தப் பரணில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்பது பெரியப்பாவுக்கு இன்றைக்கும் பெருமை.

உப்புக்காற்று மட்டும் உள்ளே போயிருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இத்தனை வருஷம் இருந்த எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர் பின்களைத்தான். லேசாகப் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். கூடவே போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களையும் பாருங்கள், இந்த மாடலில் அவை ஒழுகுவதற்குப் பேர் போனவை. எங்களுடையதில் சில கசிய ஆரம்பித்திருந்தன, டிவி ரிப்பேர் செய்கிற நண்பர் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது டிஸ்க்குக்கு வருகிறேன்.

உள்ளே இருந்தது 120 எம்பி, இரண்டரை இன்ச் ஹார்ட் டிஸ்க். நீங்கள் படித்தது சரிதான், எம்பி. ஆன் செய்தால் சுழலும் சத்தம் கேட்கும், ஆனால் திரையில் ஃப்ளாப்பி போடச் சொல்லும் படம் வந்து நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று இந்த இடத்தில் முடிவு கட்டிவிடாதீர்கள். கன்ட்ரோலையும் இரண்டு அமிகா கீயையும் சேர்த்து அழுத்தி ரீசெட் கொடுத்தால் பல சமயம் அதே டிஸ்க்கில் ஜம்மென்று பூட் ஆகும். காரணம் எளிமையானது. வயசான டிஸ்க் முழு வேகம் பிடிக்க நேரம் எடுக்கும், அதற்குள் மெஷினைத் தொடங்கி வைக்கும் ரோம் சிப் தேடிப் பார்த்து, பதில் வராததால் இல்லை என்று தீர்மானித்துவிடும். ரீசெட் செய்யும்போது டிஸ்க் ஏற்கனவே சுழன்றுகொண்டிருப்பதால் உடனே பதில் கொடுக்கும். காலையில் வேலை செய்யாது, கொஞ்சம் சூடானதும் வேலை செய்யும் என்று யாராவது சொன்னாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

இன்னொரு சந்தேகம் பவர் சப்ளை. இந்த மெஷினோடு வந்த செங்கல் மாதிரியான சப்ளை ரொம்பத் தாராளமானது கிடையாது, கூடுதலாக எதைச் சேர்த்தாலும் முனகும். ஃப்ளாப்பி டிரைவுக்குப் போகும் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், சும்மா இருக்கும்போது 5 வோல்ட் சரியாக இருந்தது, டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற நொடியில் 4.7 பக்கம் இறங்கியது. அந்த இறக்கத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். பிரெஞ்சு பிளக் வேறு நம் சாக்கெட்டில் ஆடிக்கொண்டே நின்றது, தொட்டால் பொறி. அதை வெட்டிவிட்டு நம்ம ஊர் பிளக் டாப் மாட்டியதிலேயே பாதி விசித்திரங்கள் காணாமல் போயின. ஆகவே டிஸ்க்கைத் திட்டுவதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள்.

சரி, ரீசெட் கொடுத்தால் ஓடுகிறது. அப்படி ஓடுகிற டிஸ்க்கை வைத்து விளையாடக்கூடாது. உள்ளே இருப்பதை முதலில் முழுசாக நகலெடுக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, தெரியாதவர்கள் நல்ல டிஸ்க்கைச் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பழைய லேப்டாப் டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டுகிற அடாப்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் 90-களின் ஆரம்பத்து டிஸ்க்குகளில் பலவற்றுக்கு, ஒவ்வொரு செக்டாரையும் ஒரே எண்ணால் குறிக்கிற எல்பிஏ முறையே தெரியாது. சிலிண்டர், ஹெட், செக்டார் என்று மூன்று எண்ணாகச் சொன்னால்தான் புரியும். யூஎஸ்பி அடாப்டர்களுக்கோ பெரும்பாலும் எல்பிஏ மட்டும்தான் தெரியும். இரண்டும் பேசிக்கொள்ள முடியாமல் டிஸ்க்கின் அளவு 0 என்று காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. எங்களுக்கும் 0 தான் வந்தது. இதற்குச் சுலபமான வழி, அந்தக் காலத்து டிஸ்க்குகளை இணைக்கிற ஐடிஇ போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிற ஒரு பழைய டெஸ்க்டாப். தெருவில் மூடிவிட்ட பிரவுசிங் சென்டர்காரர் வீட்டில் ஒரு பென்டியம் 4 தூங்கிக்கொண்டிருந்தது, கேட்டதும் கொடுத்துவிட்டார். 44 பின்னை 40 பின்னாக மாற்றும் சின்ன அடாப்டரைக் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தேடினேன், கிடைக்கவில்லை, கடைசியில் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருந்தது.

இரண்டரை இன்ச் டிஸ்க் கனெக்டரில் 44 பின் இருக்கும், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னும் 4 பின் இருக்கும். அந்த 4 பின்னும் மாஸ்டர், ஸ்லேவ் (முதல் டிஸ்க்கா, இரண்டாவதா) என்று சொல்லும் ஜம்பருக்கானவை, கேபிளுக்கானவை அல்ல. ஜம்பரே போடாமல் விட்டால் பெரும்பாலும் மாஸ்டர். 41, 42-ஆவது பின்களில் 5 வோல்ட் வருகிறது, 43 கிரவுண்ட். கேபிளை ஒரு வரிசை தள்ளிச் செருகினால் 5 வோல்ட் எங்கேயோ போய் ஏதோ ஒன்றைச் சுட்டுவிடும். பின் எல்லாம் 2 மில்லிமீட்டர் இடைவெளி, டேபிள் லைட் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பென்டியம் 4-இல் லினக்ஸ் போட்டு, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கிற டிடி ரெஸ்க்யூ புரோகிராமை ஓடவிட்டேன். வழக்கமான நகல் புரோகிராமான டிடி, படிக்க முடியாத இடம் வந்தால் முரண்டு பிடிக்கும், இது அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய் முதலில் நல்லதையெல்லாம் வாரி எடுத்துவிடும், கெட்ட இடங்களுக்கு அப்புறம் பொறுமையாகத் திரும்பி வரும். குறிப்பு ஃபைல் ஒன்று எழுதிக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வயசான டிஸ்க்குக்கு இந்த வரிசைதான் சரி, எந்த நிமிடம் கண்ணை மூடும் என்று தெரியாதபோது கெட்ட செக்டாரில் முட்டிக்கொண்டு நிற்பது புத்திசாலித்தனம் அல்ல. 120 எம்பிதானே, சாப்பிட்டு வருவதற்குள் முடிந்தது. ஒரு சில செக்டார் தவிர எல்லாம் வந்துவிட்டது.

அமிகா டிஸ்க்கின் பார்ட்டிஷன் விவரம் ஆர்டிபி என்ற பகுதியில் இருக்கும். டிஸ்க்கின் முதல் 16 பிளாக்குக்குள் எங்கே வேண்டுமானாலும் அது இருக்கலாம். விண்டோஸுக்கு இது சுத்தமாகப் புரியாது. அமிகா டிஸ்க்கையோ கார்டையோ விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் ஃபார்மேட் செய்யட்டுமா, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். சரி என்று தட்டினால் ஆர்டிபி மேலேயே எழுதிவிடும். லினக்ஸ் இந்த விஷயத்தில் மரியாதை தெரிந்தது, ஆர்டிபியும் புரியும், அமிகாவின் எஃப்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்து படிக்கவும் முடியும். டைரக்டரி திறந்ததும் பெரியப்பாவின் கடிதங்கள், மளிகைக் கணக்கு, அக்கா டீலக்ஸ் பெயின்ட்டில் வரைந்த கடற்கரை காந்தி சிலை, எல்லாம் அப்படியே இருந்தன.

இனி கார்டு. நெல்லித்தோப்பில் ஸ்டுடியோ வைத்திருக்கிற அண்ணன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் போட்டுக்கொண்டிருந்த சிஎஃப் கார்டுகளை ஒரு டப்பாவில் வைத்திருந்தார். ஒரு 4 ஜிபியும் ஒரு 16 ஜிபியும் கொடுத்தார். "பெரிசையே போடேன், சின்னது எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் சின்னதுதான் சரி. சிஎஃப் கார்டு என்பது உள்ளுக்குள் ஐடிஇ டிஸ்க் மாதிரியே பேசத் தெரிந்தது, அடாப்டர் என்று விற்பது பெரும்பாலும் வெறும் கம்பி இணைப்புதான். அதனால் எந்த அளவுக் கார்டாக இருந்தாலும் மெஷின் அதைப் பார்த்துவிடும். தடை இருப்பது மென்பொருளில். அந்தக் காலத்து அமிகா ரோமும் எஃப்எஃப்எஸ்ஸும் டிஸ்க்கில் ஓர் இடத்தை 32 பிட் எண்ணால், அதுவும் பைட் கணக்கில் குறிக்கின்றன. அப்படிக் குறிக்க முடிந்த கடைசி இடம் 429 கோடி பைட் சொச்சம். அதைத் தாண்டி எழுதச் சொன்னால் மறுப்பு வராது, எர்ரர் வராது, பழைய வண்டி மீட்டர் 99999 தாண்டினால் மறுபடி 00000 காட்டுகிற மாதிரி எண் சுற்றி வந்து டிஸ்க்கின் ஆரம்பத்தில் எழுதிவிடும். ஆரம்பத்தில் இருப்பது என்ன? ஆர்டிபி, பூட் பார்ட்டிஷன். 16 ஜிபி கார்டு போட்டவர்களுக்கு மாதக்கணக்கில் நன்றாக ஓடி, ஒரு நாள் கார்டு நிரம்பி அந்த எல்லையைத் தொட்டதும் மொத்தமும் மாயமாகிப் போவது இதனால்தான்.

கேமரா கார்டில் 4 ஜிபி என்று அச்சடித்திருந்தால் அது சுமார் 400 கோடி பைட். எல்லைக்குச் சௌகரியமாக உள்ளே. 2018-இல் வந்த அமிகா ஓஎஸ் 3.1.4, 2021-இல் வந்த 3.2 சிஸ்டங்களில் இந்தத் தடை நீங்கிவிட்டது, பிஎஃப்எஸ்3 என்ற ஃபைல் சிஸ்டம் போட்டும் தாண்டலாம். ஆனால் 120 எம்பியில் குடும்பமே வாழ்ந்த மெஷினுக்கு 4 ஜிபி போதாது என்று யார் சொல்லப் போகிறார்கள்? வேகத்துக்காக விலை உயர்ந்த கார்டு வாங்குவதும் வீண். இந்த மெஷினின் ஐடிஇ போர்ட்டில் டிஎம்ஏ கிடையாது, ஒவ்வொரு பைட்டையும் சிபியூவே சுமக்கிறது, வினாடிக்கு 1 அல்லது 2 எம்பி வந்தால் பெரிய விஷயம்.

முதலில் கார்டைப் புதிதாகப் பார்ட்டிஷன் செய்யவில்லை. எடுத்து வைத்த 120 எம்பி நகலை அப்படியே கார்டின் ஆரம்பத்திலிருந்து எழுதினேன். ஆர்டிபியும் சேர்ந்தே போவதால் மெஷின் அதை 120 எம்பி டிஸ்க் என்றே நம்பிக்கொள்ளும், மீதி இடம் சும்மா கிடக்கும். இப்படிச் செய்வதில் ஒரு லாபம் உண்டு. புதிதாக எதையும் அமைக்காததால் பூட் ஆகவில்லை என்றால் கேபிள், ஜம்பர், அடாப்டர், கார்டு இவற்றில்தான் கோளாறு என்று தெரிந்துவிடும். ஹார்டுவேர் சந்தேகத்தையும் அமைப்புச் சந்தேகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

பூட் ஆனது. சத்தமே இல்லை. அக்கா வரைந்த படங்களை டீலக்ஸ் பெயின்ட்டில் திறந்தேன், சரியாக வந்தன. அதே படங்களில் பெரியதாக இருந்த ஒன்றை, படம் காட்டுவதற்கென்றே இருக்கும் ஒரு சின்ன புரோகிராமில் திறந்தேன். மேல் பாதியில் காந்தி தலையும் வானமும் சரியாக இருந்தன, கீழே போகப் போக கோடு கோடாகக் கலைந்து வண்ணப் புழுதியாகிவிட்டது. ஃபைல் ஒன்றுதான், புரோகிராம்தான் வேறு. அப்படியென்றால் கார்டில் இருப்பது கெடவில்லை, படிக்கும்போதுதான் கெடுகிறது. சின்னப் படங்கள் எதிலும் இந்தக் குறை இல்லை.

இதற்குப் பெயர் மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் பிரச்சினை. ஐடிஇ முறையில் ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 256 செக்டார் கேட்கலாம், அதாவது 128 கேபி. அந்த விளிம்பையோ அதற்கு மேலேயோ ஒரே மூச்சில் கேட்கும்போது, பழைய டிஸ்க்குகள் பொறுத்துப் போனதைப் புதிய டிஸ்க்குகளும் கார்டுகளும் பொறுத்துப் போவதில்லை. துண்டு துண்டாகப் படிக்கிற புரோகிராமில் ஒன்றும் தெரியாது, ஃபைலை மொத்தமாக இழுக்கிற புரோகிராமில் குட்டு வெளிப்படும். தீர்வு ஒரே ஓர் எண். அமிகாவில் டிஸ்க்கைப் பிரிக்கிற புரோகிராமான எச்டி டூல்பாக்ஸில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், ஃபைல் சிஸ்டம் மாற்றும் இடத்தில் மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 255 செக்டார், அதாவது 1,30,560 பைட் வர வேண்டும். ஹெக்ஸில்தான் (16 அடிமான எண்ணாகத்தான்) கேட்கும், 1-எஃப்-இ-0-0 என்று அடியுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், சேமித்துவிட்டு ரீபூட் செய்ய வேண்டும். படிப்பதில் மட்டும் கெட்டால் பிழைத்தோம், எழுதும்போதும் இதே மாதிரி கெடலாம், அப்போது கார்டில் இருப்பதே குப்பைதான். அதனால் இதைச் சரி செய்யும் வரைக்கும் எதையும் காப்பி செய்யாதீர்கள்.

எச்டி டூல்பாக்ஸ் பற்றி இன்னொன்று. அது ஸ்கஸி டிவைஸ் என்ற பெயரில்தான் டிஸ்க்கைத் தேடும், ஸ்கஸி என்பது வேறொரு இணைப்பு முறை, இருப்பது ஐடிஇ ஆயிற்றே என்று குழம்பி அந்தப் பெயரை மாற்றப் போகாதீர்கள், இந்த மெஷினில் ஐடிஇ டிரைவருக்கே அதுதான் பெயர்.

ஹார்டுவேர் நம்பகமானது என்று தெரிந்த பிறகுதான் கார்டை அழித்து ஒழுங்காகப் பிரித்தேன். சிஸ்டத்துக்கு 500 எம்பி, மீதி எல்லாம் இன்னொரு பார்ட்டிஷன். சிஸ்டத்தைத் தனியாக வைத்தால் அதைக் கெடுத்துக்கொண்டாலும் மற்றது தப்பும். எஃப்எஃப்எஸ்ஸையே வைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எஃப்எஃப்எஸ் அடுத்த முறை பூட் ஆகும்போது டிஸ்க் முழுவதையும் சரிபார்க்க உட்காரும், அது முடியும் வரை ஒரு எழுத்துக்கூட எழுத விடாது, முடியாமலே போனால் அந்தப் பார்ட்டிஷன் படிப்பதற்கு மட்டும்தான். மழை மூட்டம் போட்டாலே கரண்ட் போகிற தெருவில் இருந்துகொண்டு அதை ஏன் கட்டி அழ வேண்டும்? பிஎஃப்எஸ்3-க்கு இந்தத் தொல்லை கிடையாது, அமிகா மென்பொருள் தளமான அமிநெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே குறை, லினக்ஸால் அதை நேரடியாக மவுன்ட் செய்ய முடியாது, கம்ப்யூட்டரில் பார்க்க எமுலேட்டர்தான் சுலபமான வழி.

அமைப்பு முடிந்து பூட் ஆகாமல் நின்றால், ஆன் செய்யும்போது இரண்டு மௌஸ் பட்டனையும் அழுத்திப் பிடியுங்கள், மெனு வரும். அதில் பார்ட்டிஷன் பெயர் தெரிந்தால் கார்டு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, கோளாறு உள்ளே இருக்கும் ஃபைல்களில். தெரியாவிட்டால் மறுபடி கேபிள். ஸ்டார்ட்அப் ஃபைல் இல்லாமல், கட்டளை அடிக்கிற ஷெல்லுக்குப் போகவும் அங்கேயே வசதி உண்டு. எங்கள் மெஷினில் அங்கே ஒரு வேடிக்கை, கீபோர்டு பிரெஞ்சு, ஷெல்லோ அந்த நேரத்தில் அமெரிக்கக் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஏ போட்ட கீயை அழுத்தினால் க்யூ வரும். பார்ட்டிஷன் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைக்காமல் ஒரு கட்டளையும் நகராது, அது ஷிஃப்டோடு எம் கீயில் ஒளிந்திருக்கிறது.

கடைசியாக நம்பிக்கைச் சோதனை. பத்து இருபது எம்பி அளவில் ஒரு பெரிய எல்எச்ஏ ஆர்கைவை (ஜிப் மாதிரி சுருக்கிக் கட்டிய ஃபைல்) கார்டில் போட்டு, ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்து, அந்த நகலில் எல்எச்ஏவின் டெஸ்ட் கட்டளையை ஓடவிடுங்கள். டேட்டா கெட்டிருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி எர்ரர் ஒன்று வந்தாலும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மெஷின் சூடான பிறகு ஒரு தடவை, குளிர்ந்த நிலையில் ஒரு தடவை செய்யுங்கள், பவர் சப்ளையின் வண்டவாளமும் அதில் தெரிந்துவிடும். இதில் தேறிய பிறகுதான் பெரியப்பாவின் ஃபைல்களைப் புதுக் கார்டுக்கு மாற்றினேன்.

பெரியப்பாவுக்கு ஓடவிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "என்னடா, ஆனே ஆகலையா? ஒரு சத்தமும் காணோம்" என்றார். திரையைக் காட்டிய பிறகுதான் நம்பினார். அப்புறம் 1996 மளிகைக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அன்றைய துவரம்பருப்பு விலையைப் பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

பழைய 120 எம்பி டிஸ்க் நகலெடுத்த பிறகு சும்மாதான் இருக்கிறது, 16 ஜிபி கார்டும் இருக்கிறது. அதில் ஒரு நாள் 3.2 போட்டுப் பார்க்க ஆசை, ரோம் சிப்பையும் மாற்ற வேண்டிவரும். 44 பின் கேபிள் ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது, புதுச்சேரி கடலூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது இதே மெஷின் இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.